அப்பாவின் முதுகில் உடைந்த ஸ்க்ரூவும் சில கேள்விகளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, கோவத்துல எழுதினா தப்பாப் போயிரும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கோவம் குறையற மாதிரி தெரியலை. அதனால எழுதிடறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துக்குங்க.

என் மேசை மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கு. ஆஸ்பத்திரியில யூரின் டெஸ்ட்டுக்குக் கொடுப்பாங்களே, அதேதான். உள்ள ஒரு டைட்டானியம் ஸ்க்ரூவோட மேல் பாதி கெடக்குது. கீழ் பாதி எங்கப்பா முதுகெலும்புக்குள்ளயே இருக்கு. நோண்டி எடுத்தா எலும்பு சேதமாயிரும்னு அப்படியே விட்டுட்டாங்க.

அப்பா பவானியில ஜமக்காளம் நெய்யறவர். முப்பத்தஞ்சு வருஷம் குழித்தறி. குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டு, முன்னால சாய்ஞ்சு, பின்னால நிமிர்ந்து, மறுபடி சாய்ஞ்சு... முதுகு என்னத்துக்கு ஆகும்? இடுப்புல நாலாவது எலும்பு அஞ்சாவது எலும்பு மேல இருந்து முன்னால சறுக்கிருச்சு. நடந்தா கால் மரத்துப் போகும். கூடுதுறை வரைக்கும் நடக்கறவர் தெருமுனை தாண்ட முடியாம உக்காந்துட்டார். 2022 ஜூன்ல ஆபரேஷன். நாலு ஸ்க்ரூ, ரெண்டு ராடு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்லை, ஊரையும் சொல்லப் போறதில்லை. இது ஒரு ஆஸ்பத்திரியோட கதை மட்டும் இல்லைங்கறதுதான் என் வாதமே.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், கோட்டு போடாத, ஆனா டை கட்டின ஒருத்தர் ரூமுக்கு வந்தார். இம்ப்ளாண்ட் கம்பெனி ஆளாம். "சார், இண்டியன் வேணுமா, இம்போர்ட்டட் வேணுமா?"

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன்.

"இம்போர்ட்டட் ஸ்ட்ராங்கா இருக்கும் சார். லைஃப் டைம்."

"எவ்வளவு ஸ்ட்ராங்?"

அவர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு கோடு அடிச்சுப் பொழைக்கிற ஜென்மம் நான். எப்பவாவது ஒரு தடவை படிச்சது ஞாபகம் வந்து இப்படிக் கேள்வி கேட்டுத் தொலைக்கும் :-) பதில் வரலை. இம்போர்ட்டட்டே போட்டுக்கலாம்னு சொல்லிட்டோம். எண்பதாயிரத்துச் சொச்சம், பில்லுல 'இம்ப்ளாண்ட் சார்ஜஸ்'னு ஒரே வரி.

மூணு மாசம் பெல்ட் போட்டுப் படுத்திருந்தார். வலி போயிருச்சு. தறிக்குத் திரும்பிட்டார். 2023 ஆகஸ்ட்ல, அதாவது பதினாலு மாசத்துல, மறுபடி வலி. எக்ஸ்ரே எடுத்தா கீழ் ஸ்க்ரூ ரெண்டும் நடுவுல உடைஞ்சிருக்கு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எனக்கே தெரியுது, அவ்வளவு சுத்தமான உடைசல்.

டாக்டர் சொன்ன ஒரே வார்த்தை: "ரொம்பக் குனிஞ்சிருப்பார்."

எனக்கு அங்கதான் கோவம் ஆரம்பிச்சது.

என்னோட முதல் சந்தேகம் 'டூப்ளிகேட்'. உங்களுக்கும் அதுதானே தோணுது? எந்தக் கம்பெனின்னு பாக்கலாம்னு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். 'டைட்டானியம் பெடிக்கிள் ஸ்க்ரூ ஃபிக்ஸேஷன்' அவ்வளவுதான். கம்பெனி பேர் இல்லை, சைஸ் இல்லை, லாட் நம்பர் இல்லை. இம்ப்ளாண்ட் பாக்கெட்ல ஸ்டிக்கர் வரும், அதைக் கேஸ் ஷீட்டுல ஒட்டுவாங்க. எங்களுக்கு ஒரு காப்பி கொடுங்கன்னு கேட்டேன். ரெக்கார்டு ரூம்ல கேளுங்கன்னாங்க. அங்க பில்லிங்ல கேளுங்கன்னாங்க. பில்லிங்ல டாக்டரைக் கேளுங்கன்னாங்க. வட்டம் பூர்த்தி.

ரெண்டாவது ஆபரேஷன் வேற ஊர்ல, வேற டாக்டர். அவர் நல்ல மனுஷன். உடைஞ்சதைக் கொடுங்கன்னு கேட்டப்ப ஒரு மாதிரி பாத்தார், அப்புறம் ஒரு துண்டைக் கழுவி டப்பாவுல போட்டுக் கொடுத்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை"ன்னு சொன்னார்.

யாரும் கேட்டதில்லை! ஒரு லாரியோட கிராங்க் ஷாஃப்ட் உடைஞ்சா கோயமுத்தூர்ல எத்தனை லேப்ல அதை வெட்டி, பாலீஷ் பண்ணி, மைக்ராஸ்கோப்ல பாக்கறாங்க! மனுஷன் முதுகுல உடைஞ்சா குப்பைக்குப் போகுது.

கூடப் படிச்ச ஒருத்தன் கோவையில ஒரு பவுண்டரி லேப்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை மதியம் போய் ரெண்டு பேரும் பாத்தோம். உடைஞ்ச முகத்துல சிப்பி ஓட்டுல இருக்கற மாதிரி வரி வரியா, ஒண்ணுக்குள்ள ஒண்ணா. மெட்டலர்ஜி லேப்ல படம் போட்டு மார்க் வாங்கின அதே வரிகள். ஃபேட்டீக். உலோகம் களைச்சுப் போய் உடையறது. மரையோட பள்ளத்துல ஒரு மயிரிழை விரிசல் விட்டு, ஒவ்வொரு குனியலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து, கடைசியில மிச்சம் இருந்த துண்டு ஒரே நாள்ல பட்டுன்னு போயிருக்கு. உள்ள ஓட்டை இல்லை, கசடு இல்லை. ஹார்ட்னெஸ் எடுத்தோம், அந்த டைட்டானியத்துக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருந்தது.

அதாவது ஸ்க்ரூ டூப்ளிகேட் இல்லை. என் சந்தேகம் தப்பு. இதை ஒத்துக்கிட்டே மேல எழுதறேன், ஏன்னா பிரச்னை நான் நினைச்சதை விடப் பெருசு.

விஷயம் என்னன்னா, முதுகெலும்பை ஒட்டவைக்கிற ஆபரேஷன்ல ஸ்க்ரூவும் ராடும் நிரந்தரமான தூண் கிடையாது. வீட்டுக்குக் கான்கிரீட் போடும்போது அடியில முட்டுக் கொடுப்போமே, அந்தச் சவுக்குக் கம்பு மாதிரி. கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கணும். இங்க கான்கிரீட்டுங்கறது எலும்பு. ரெண்டு எலும்புக்கு நடுவுல வெச்ச எலும்புத் தூள் வளர்ந்து ஒரே எலும்பா ஆக ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள எலும்பு ஜெயிச்சா ஸ்க்ரூவுக்கு வேலை இல்லை. எலும்பு ஒட்டலைன்னா எவ்வளவு ஒசத்தி ஸ்க்ரூவா இருந்தாலும், இண்டியனோ இம்போர்ட்டட்டோ, ஒருநாள் உடைஞ்சே தீரும். 'லைஃப் டைம்'ங்கறது பச்சைப் பொய்.

இது நேத்து கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. நம்ம டாக்டர்களே எழுதி வெச்சிருக்காங்க. கோவை கங்கா ஆஸ்பத்திரி ராஜசேகரன் பேரை இந்தப் பக்கம் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க (அப்பாவுக்கு ஆபரேஷன் அங்க இல்லை, குழப்பிக்காதீங்க). அவரும் சௌந்தரபாண்டியனும் 1989-ல அமெரிக்க எலும்பு அறுவை சிகிச்சை இதழ் ஒண்ணுல ஒரு கட்டுரை எழுதினாங்க. காசநோயால முதுகெலும்பு அரிச்சுப்போன நோயாளிகளுக்கு, அந்தக் குழியில வேற இடத்து எலும்பை வெட்டி முட்டுக் கொடுத்து ஒட்டவைக்கிறது. வருஷக்கணக்கா அவங்களைத் தொடர்ந்து பாத்ததுல, பாதிக்கு மேல அந்த முட்டு நழுவியிருக்கு, உடைஞ்சிருக்கு, கரைஞ்சிருக்கு, இல்லை பக்கத்து எலும்புக்குள்ள அமுங்கியிருக்கு. ரெண்டு தட்டு இடைவெளிக்கு மேல நீளமான முட்டுன்னா தோல்விதான் அதிகம். ஒரு சிவில் இன்ஜினியருக்கு இதைச் சொன்னா, "நீளமான தூண் சீக்கிரம் வளையும், இதுல என்ன ஆச்சரியம்"பான். ஆனா ஆளாளுக்கு உத்தேசமாச் சொல்லாம, எண்ணி, அளந்து, எவ்வளவு நீளம் வரைக்கும் நம்பலாம்னு எழுதினாங்க பாருங்க, அதுதான் விஷயம். அது மாதிரி ஒரு எண்ணைத்தான் நான் அந்த டை கட்டினவர்கிட்ட கேட்டேன்.

அந்த எண் இருக்கு மக்களே. இல்லாம இல்லை. இந்த ஸ்க்ரூ-ராடு செட்டைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம் எஃப் 1717-ன்னு ஒரு தரமுறை இருக்கு. ரெண்டு கெட்டி பாலிஎத்திலீன் கட்டைகளை எலும்புக்குப் பதிலா வெச்சு, நடுவுல ஒண்ணுமே இல்லாம வெறும் காத்தா விட்டு, ஸ்க்ரூவும் ராடும் மட்டும் தாங்கற மாதிரி மாட்டுவாங்க. எலும்பு ஒட்டவே இல்லைங்கற மோசமான நிலைமை. முதல்ல அமுக்கி, எத்தனை நியூட்டன்ல வளையுதுன்னு பாப்பாங்க. அப்புறம் குறைஞ்ச சுமையை வெச்சு 50 லட்சம் தடவை அமுக்கி அமுக்கி விடுவாங்க. எந்தச் சுமையில 50 லட்சம் வரைக்கும் உடையாம நிக்குதோ, அதுதான் அதோட தெம்பு. ஏன் 50 லட்சம்? ஒரு நாளைக்கு 7,000 அடி நடக்கற ஆளுக்கு ரெண்டு வருஷக் கணக்கு போட்டுப் பாருங்க, 51 லட்சம் வரும்.

இதுல ஒரு கூத்து. அந்தத் தரமுறையில பாஸ் மார்க் கிடையாது! எப்படிச் சோதிக்கணும்னு சொல்லும், எவ்வளவு வந்தா போதும்னு சொல்லாது. அமெரிக்காவுல என்ன பண்றாங்கன்னா, ஏற்கனவே விக்கிற ஒரு செட்டோட ஒப்பிட்டு, அதுக்குக் குறையலைன்னு காட்டச் சொல்றாங்க. அப்ப ஒரு கம்பெனி செட்டுக்கும் இன்னொரு கம்பெனி செட்டுக்கும் எண் வேற வேறயா இருக்கும்ல? ஒண்ணு ஜாஸ்தி, ஒண்ணு கம்மி. அந்த வித்தியாசத்தை வெச்சுத்தானே 'ஸ்ட்ராங்'னு சொல்லணும்? ஊர் பேரை வெச்சா சொல்றது?

அரை மில்லிமீட்டர் என்ன பண்ணும்னு ஒரு சின்னக் கணக்கு. உருண்டைக் கம்பி வளையும்போது அதுல ஏறுற தகைவு விட்டத்தோட முப்படிக்குத் தலைகீழா இருக்கும் (பயப்படாதீங்க, பரீட்சை இல்லை). 5.5 மில்லி ராடுக்குப் பதிலா 6 மில்லி போட்டா, அதே சுமைக்குத் தாங்கற திறன் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுது. டைட்டானியத்துக்கு இன்னொரு குணம், மேல கீறல் பட்டா ரோஷம் ஜாஸ்தி. ஆபரேஷன் தியேட்டர்ல ராடை முதுகு வளைவுக்குத் தக்க வளைக்கும்போது கருவி பதிஞ்ச இடத்துல ஃபேட்டீக் ஆயுசு குறையும். முன்பக்கம் தட்டு இருந்த இடத்துல ஒரு கூண்டு, 'கேஜ்'ம்பாங்க, அதை வெச்சா பெரும் சுமையை அது வாங்கிக்கும், பின்னாடி ஸ்க்ரூவுக்கு வளையற வேலை குறையும். அப்பாவுக்கு முதல் தடவை கேஜ் வைக்கலை. ஏன்னு எனக்குத் தெரியலை. வைக்கலாமா வேண்டாமான்னு எங்ககிட்ட யாரும் பேசவும் இல்லை. எங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: இண்டியனா, இம்போர்ட்டட்டா?

இப்ப அந்த 'ரொம்பக் குனிஞ்சிருப்பார்'க்கு வருவோம். ரெண்டாவது ஆபரேஷனுக்கு முன்னாடி பெரியப்பா பையன் தறியில உக்காந்திருந்தப்ப நான் பக்கத்துல நின்னு எண்ணினேன். நிமிஷத்துக்கு சராசரியா 12 தடவை முன்னால சாயறாங்க. எட்டு மணி நேரத்துக்கு 5,760. மாசத்துக்கு 25 நாள், பதினொரு மாசம். சுமார் 16 லட்சம். இது நடை போக, வெறும் தறி மட்டும். ஆமாங்க டாக்டர், குனிஞ்சார். பதினாறு லட்சம் தடவை குனிஞ்சார். அவர் தொழில் என்னன்னு கேஸ் ஷீட்டுல 'வீவர்'னு எழுதியிருக்கு. 'எலும்பு ஒட்டிருச்சான்னு ஸ்கேன் பாத்துட்டுத்தான் தறியில ஏறணும்'னு ஒரு வரி சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டார். பீடி குடிப்பார்னும் அதுல எழுதியிருக்கு. புகை எலும்பு ஒட்டறதைக் கெடுக்கும்னு எலும்பு டாக்டர் எல்லாருக்கும் தெரியும். அவர்கிட்ட சொன்னது, "குறைச்சுக்கங்க பெரியவரே."

லைஃப் டைம்னு வித்துட்டு, உடைஞ்சதும் பழியை முதுகு மேலயே போடறது என்ன நியாயம்?

சிலர் வாதம் எனக்குத் தெரியும். "நம்பரெல்லாம் கொடுத்தா பேஷண்ட்டுக்கு என்ன புரியப் போகுது? பயந்துக்குவாங்க." எங்கப்பா எட்டாவது வரைக்கும்தான் படிச்சவர். நூலை ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பாத்து கவுண்ட் சொல்லுவார். சோலாப்பூர் விசைத்தறியில ஓட்டின சரக்கை பவானி ஜமக்காளம்னு விக்க வந்தா, தொட்டுப் பாத்தே திருப்பி அனுப்புவார். தரைல விரிக்கிற ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்குங்க, எந்த ஊர் நெசவுன்னு சட்டப்படி சொல்லியாகணும். அதை நெஞ்ச மனுஷனோட முதுகுக்குள்ள இருக்கற ஸ்க்ரூ எந்த ஊர், எந்த லாட்டுன்னு கேட்டா, பில்லிங்ல கேளுங்கறாங்க.

எங்க மாமா தோட்டத்துக்குப் போன வருஷம் ஒரு மோட்டார் பம்பு வாங்கினோம். தகட்டுல எத்தனை மீட்டர் தூக்கும், எவ்வளவு தண்ணி தள்ளும், திறன் எத்தனை சதவீதம், ஐ.எஸ்.ஐ முத்திரை, சீரியல் நம்பர் எல்லாம் அடிச்சிருக்கு. சந்தேகம்னா கோவை சிட்டார்க் லேப்ல போட்டுப் பாக்கலாம். பம்பு எரிஞ்சா காயில் கட்டி ஓட்டிக்கலாம். முதுகுக்கு?

சட்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். எலும்பு இம்ப்ளாண்ட்டுகளை 2005-லயே மருந்துச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்தாங்க. மருத்துவக் கருவி விதிகள் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 ஜனவரியில. ஆபத்து அதிகமான வகுப்புகளுக்கு டெல்லியில மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்புதான் உரிமம் தரணும். அதுக்குச் சோதனை விவரமெல்லாம் கட்டுக்கட்டா ஃபைல்ல போகும். ஆக, எண் டெல்லியில இருக்கு. கம்பெனியில இருக்கு. ஸ்க்ரூவை உடம்புக்குள்ள வெச்சுக்கிட்டிருக்கறவர்கிட்ட மட்டும் இல்லை. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில, முட்டி மாத்தற இம்ப்ளாண்ட்டுக்கு அதே வருஷம் ஆகஸ்ட்ல விலை உச்சவரம்பு வெச்சாங்க. முதுகு ஸ்க்ரூவுக்கு அப்படி வரலை. விலையிலயும் கண்ணைக் கட்டி விட்ட கதைதான்.

லாட் நம்பர் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம். ஜான்சன் அண்ட் ஜான்சனோட டிபுய் ஏ.எஸ்.ஆர் இடுப்பு மூட்டு. உலோகம் தேய்ஞ்சு ரத்தத்துல கலக்குதுன்னு 2010 ஆகஸ்ட்ல உலகம் பூரா திரும்பப் பெற்றாங்க. இந்தியாவுல சுமார் 4,700 ஆபரேஷன். மத்திய அரசு போட்ட நிபுணர் குழு பாத்தப்ப, சுமார் 3,600 பேர் எங்க இருக்காங்கன்னே கண்டுபிடிக்க முடியலை. 2018-ல இழப்பீடு கொடுக்க முடிவு பண்ணினாங்க. யாருக்குக் கொடுக்கறது? தன் இடுப்புல என்ன இருக்குன்னே தெரியாத ஆளுக்கு, தனக்கு இழப்பீடு இருக்குன்னு எப்படித் தெரியும்?

வெளிநாட்டுல எல்லாம் ஒழுங்குன்னும் நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவுல அக்ரோமெட்னு ஒரு கம்பெனி முதுகுக்கான ஸ்க்ரூவுக்கு அனுமதி கேட்டுக் கிடைக்காம, அதையே பிரிச்சு 'கை கால் எலும்புக்கான பிளேட்டு, ஸ்க்ரூ'ன்னு காகிதத்துல காட்டி 1986-ல அனுமதி வாங்கிருச்சு. போனதென்னவோ முதுகுக்குத்தான். ஆயிரக்கணக்குல வழக்கு. 1996-ல பத்துக் கோடி டாலர் சமரசம். முதுகுக்குன்னே முறையான வகைப்பாடு வந்தது 1998-ல. ஐரோப்பாவுல 2021 மே மாசத்துல இருந்து, இம்ப்ளாண்ட் வெச்ச ஆளுக்கு அதோட விவரம் போட்ட அட்டை கையில கொடுத்தாகணும்னு விதி. சபாஷ்னு படிச்சுக்கிட்டே போனா, விதிவிலக்குப் பட்டியல்ல பல்லடைப்பு, தையல் நூலோட 'ஸ்க்ரூ'ன்னும் போட்டிருக்கான். அவ்வ்வ்வ்...

அதனால நான் கேக்கறது அவனை மாதிரி செய்யுங்கன்னு இல்லை. ஸ்டிக்கர்ல ஒண்ணு கேஸ் ஷீட்டுல ஒட்டினா, இன்னொண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில ஒட்டுங்க. பசை செலவு நான் தர்றேன். 'ஸ்ட்ராங்'னு சொல்லி விக்க வர்றவர், எத்தனை நியூட்டன்ல 50 லட்சம் தாண்டுச்சுங்கற எண்ணோட வரட்டும், இல்லைன்னா அந்த வார்த்தையைச் சொல்லாம இருக்கட்டும். உடைஞ்சு வெளிய வந்த துண்டு நோயாளியோட சொத்து. அவருக்கு வேண்டாம்னா ஒரு லேபுக்குப் போகணும். குப்பைக்கு இல்லை. கருவிகளால வர்ற பாதிப்பைப் பதிவு பண்ண 2015-லயே மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, காஜியாபாத்ல இருக்கற இந்திய மருந்தியல் ஆணையம் பாத்துக்குது. நான் அப்பாவோட உடைஞ்ச ஸ்க்ரூ பத்தி அதுக்கு ஃபாரம் பூர்த்தி பண்ணினேன். 'தயாரிப்பாளர் பேர்', 'லாட் எண்'னு கட்டம் இருந்தது. ரெண்டையும் காலியா விட்டேன்.

இப்ப அப்பா நல்லா இருக்கார். ரெண்டாவது டாக்டர் கேஜ் வெச்சு, பெரிய ஸ்க்ரூ போட்டு, ஒன்பதாவது மாசம் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். எலும்பு ஒட்டியிருக்கு. பீடியை விட்டுட்டார் (அம்மா அப்படித்தான் நம்பறாங்க). தறியில ஏறறதில்லை, பாவு போடறவங்களுக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து குத்தம் சொல்றார். போன வாரம் ஊருக்குப் போனப்ப டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஸ்க்ரூவை நூல் மாதிரியே ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டிப் பாத்தார்.

"இது என்ன கவுண்டு கண்ணு?"ன்னார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்ற பதிவும் இல்லை இது, எங்கப்பா நடக்கறதே ஆபரேஷனாலதான். வீட்டுல யாருக்காவது ஸ்க்ரூ வைக்கப் போறாங்கன்னா, டிஸ்சார்ஜ் ஆகற அன்னைக்கே ஸ்டிக்கர் காப்பி கேட்டு வாங்கிருங்க. பதினாலு மாசம் கழிச்சுக் கேட்டா கிடைக்காது.